நல்லதண்ணித் துறையில் ஒரு வீடு

"இதுவா கடல்?" என்று கேட்டாள் பிலோமினா.

தூத்துக்குடிக் கரையில் அப்போதுதான் கால் வைத்திருந்தோம். அவள் கேட்டதில் குற்றம் இல்லை. கொழும்பில் கடல் என்றால் காலிமுகத்திடல் கல்லில் மோதி, நடந்து போகிறவர் முகத்தில் உப்பைத் தெளித்துவிட்டுப் போகும். இங்கே அது தாம்பாளத்தில் ஊற்றி வைத்ததுபோல அசையாமல் கிடந்தது. ஆழம் இல்லாததால் கப்பல் கரைக்கு வராது. மைல் கணக்கில் தள்ளி நிற்கும். பாய் விரித்த தோணிகள் போய்ச் சரக்கையும் ஆளையும் ஏற்றிக்கொண்டு வரும். நாங்களும் தேயிலைப் பெட்டிகளின் மேல் உட்கார்ந்துதான் வந்து இறங்கினோம்.

"இது தூங்குற கடல்" என்றேன்.

"அப்ப எழும்பும்போது சொல்லுங்க, பாக்கிறன்" என்றாள்.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த மறு வருஷம் அது. நான் வேலை பார்த்த கொழும்புக் கம்பெனி, வெங்காயமும் மிளகாயும் கருவாடும் வாங்கி அனுப்பத் தூத்துக்குடியில் ஒரு கிளை திறந்தது. நான் ஊர்ப் பக்கத்து ஆள் என்பதால் என்னை அனுப்பத் தீர்மானித்தார்கள். குடும்பத்தோடு வருவதற்கு முன்னால் வீடு பார்த்து வைக்க ஒரு வாரம் லீவு கிடைத்தது. நகரத்துக்குள் நெரிசல், குழாயடியில் எந்நேரமும் குடங்களின் வரிசை. ஆகவே நகரத்தை ஒட்டிய ஏதாவது ஒரு கடற்கரை ஊராகப் பார்ப்பது என்று முடிவு செய்திருந்தோம். பிலோமினா தானும் வருவேன் என்றாள். மாசமாக இருக்கிறவள் கடல் தாண்டுவதா என்று தயங்கினேன். "நான் இருக்கப்போற வீட்டை நான் பாக்க வேண்டாமா?" என்றாள். அவளுக்கும் சேர்த்துக் கப்பல் டிக்கெட் எடுத்தேன்.

எங்களைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். நான் சாத்தான்குளத்துக்கு அந்தப் பக்கம், பனங்காட்டு ஊரில் பிறந்தவன். முருகனைக் கும்பிடும் வீடு. பதினைந்து வயதில் கொழும்புக் கடைக்குப் போனேன். பிலோமினாவின் அப்பா இந்தக் கடற்கரையிலிருந்து போய்க் கொழும்பில் கொட்டாஞ்சேனையில் குடியேறிய கிறிஸ்தவர், எங்கள் பக்கத்துப் பேச்சில் வேதக்காரர். அவள் பிறந்தது, வளர்ந்தது, பேசப் பழகியது எல்லாம் அங்கே. நாங்கள் ரிஜிஸ்தர் செய்து கல்யாணம் செய்துகொண்டோம். அன்றோடு என் வீட்டில் பேச்சு நின்றது. கொழும்பில் எங்கள் மேல்மாடியில் சிங்களக் குடும்பம், கீழே மலாய்க் குடும்பம். நீங்கள் யார் என்று அங்கே யாரும் எங்களைக் கேட்டதில்லை. இங்கே கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். கேட்டால் என்ன சொல்வது என்பதைத்தான் நான் யோசித்து வைத்திருக்கவில்லை.

முதலில் என் சித்தப்பா மகன் வேல்சாமி அண்ணாச்சியின் பலசரக்குக் கடைக்குப் போனோம். அண்ணாச்சி எழுந்து நின்றார். என் தோளைத் தட்டினார். பிலோமினாவுக்கு முக்காலி எடுத்துப் போடச் சொன்னார். ஒரு காகிதப் பொட்டலம் வந்தது. உள்ளே கூம்பு கூம்பாக வெள்ளை மக்ரூன். முட்டை வெள்ளையும் முந்திரியும் சீனியும் சேர்த்து அடித்துச் சுடுவது. பிலோமினா ஒன்றை வாயில் போட்டாள். கடிக்கும் முன்னால் கரைந்துவிட்டது. சீனி ரேஷனில் இருந்த காலத்தில் எப்படிச் செய்தார்கள் என்று தெரியவில்லை. அவள் அதைக் கேட்கவும் இல்லை, அடுத்ததை எடுத்தாள்.

"எங்கன தங்கப் போறீக?" என்று அண்ணாச்சி கேட்டார்.

நான் அவரைப் பார்த்தேன். அவர் தராசுத் தட்டைப் பார்த்தார்.

"வீட்டுல சுண்ணாம்பு அடிக்காவ. இல்லேன்னா அங்கனயே இருக்கலாம். ஓட்டல் மாடியில நல்ல ரூம் இருக்கு, நான் சொல்லி விடுதேன். வீடு பாக்க ஒரு தரகரையும் அனுப்புதேன்" என்றார்.

மாடி அறை நன்றாகத்தான் இருந்தது. சன்னலைத் திறந்தால் தோணிகளின் பாய்மரங்கள் தெரிந்தன. கீழே சாப்பிடப் போனோம். இடியாப்பம் இருக்கிறது என்றதும் பிலோமினா முகம் மலர்ந்து, "சொதி ஊத்துங்க" என்றாள். பரிமாறுகிறவர் திகைத்து நின்றார்.

"சொதியா? அந்தக் கொழம்பு கல்யாணத்துக்கு மறுநா மறுவீட்டுல வைப்பாவம்மா, சோத்துக்கு. இடியாப்பத்துக்கு தேங்காப்பாலும் சீனியுந்தான்."

"எங்களுக்கு இஞ்ச இடியாப்பத்துக்குச் சொதிதானே" என்றாள் என்னிடம். அவளுக்கு 'இஞ்ச' என்றால் அப்போதும் கொழும்புதான். தேங்காய்ப்பாலை ஊற்றிச் சாப்பிட்டுப் பார்த்தாள். பிறகு இன்னொரு தட்டு கேட்டாள்.

மறுநாள் காலை தரகர் வந்தார். பெயர் இசக்கிமுத்து. மழையே பெய்யாத ஊரில் எந்நேரமும் குடை பிடித்திருந்தார். வழி காட்டுவது, கடன்காரர் எதிரே வந்தால் மறைவது, நாயை விரட்டுவது, எல்லாவற்றுக்கும் அந்தக் குடைதான். ஜட்கா வண்டியில் எங்களைத் திரேஸ்புரத்துக்கு அழைத்துப் போனார்.

அந்த வீட்டைப் பார்த்ததும் எனக்குப் பிடித்துவிட்டது. ஓட்டு வீடு, இரண்டு அறை, வாசலில் பூவரசு, பின்சன்னலைத் திறந்தால் கடல். கரையில் பாறை மீனும் சீலா மீனும் ஏலம் போய்க்கொண்டிருந்தன. கொழும்பில் பத்து நாளைக்கு ஒருமுறை வாங்குகிற மீன் இங்கே வாசலில் துள்ளியது. வீட்டுக்காரர் கனிந்த மனிதர். எங்களை எதுவும் கேட்காமல் இளநீர் வெட்டிக் கொடுத்தார். இத்தனை சுலபமா என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோதே காற்று திரும்பியது.

உச்சிப்பொழுது ஆனதும் கரைக்காற்று நின்று கடல்காற்று வீசத் தொடங்கும் போலிருக்கிறது. அதோடு ஒரு வாடை வந்தது. அதை எழுதிக் காட்ட எனக்குத் தெரியவில்லை. பிலோமினா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். தரகர் காற்று வந்த திசைக்கு எதிரே குடையைப் பிடித்தார்.

"என்ன வாடை அது?" என்றேன்.

வீட்டுக்காரர் மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். "வாடையா? ஓ, அதா. அங்கன சங்கு போட்டு வைக்குத கிட்டங்கி இருக்கு. கடல்ல முங்கிக் குளிச்செடுத்த சங்க அழுகப் போட்டாத்தான சதை கழலும். இது சங்கு குளிக்குத காலத்துல மட்டுந்தான்."

"மற்ற காலத்தில்?"

"மத்த காலத்துல கருவாடு."

அன்று மத்தியானம் இன்னும் இரண்டு வீடுகள் பார்த்தோம். அவற்றில் வாடை இல்லை, கேள்வி இருந்தது. உட்காரச் சொல்வதற்கு முன்பே, எந்த ஊர், யார் வீடு, யாரைக் கும்பிடுகிறவர்கள் என்று வரிசையாக வந்தது. நான் உள்ளதைச் சொன்னேன். ஒரு வீட்டுக்காரருக்கு அப்போதுதான் கூரை ஒழுகுவது நினைவுக்கு வந்தது. இன்னொருவர் மகளைக் கலந்துகொள்ள வேண்டும் என்றார். யாரும் முகம் சுளிக்கவில்லை. மோர் கொடுத்து, நல்ல வார்த்தை சொல்லித்தான் அனுப்பினார்கள்.

திரும்பும் வழியில் தரகர் குடையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டு பேசினார். "சார், நீங்க அரிச்சந்திரன் மாதிரி பேசினா வீடு கெடைக்காது. நாளைக்கு நான் பேசுதேன். ரெண்டு பேரும் வாயத் தெறக்கக் கூடாது."

மூன்றாம் நாள் அவர் காட்டிய வீடு உப்பளத்தை ஒட்டிய ஒரு புதுக் குடியிருப்பில் இருந்தது. வழியெல்லாம் குவித்த உப்பு வெயிலில் கண்ணைக் கூச வைத்தது. பிலோமினா அதைப் பனிமலை என்றாள். அவளும் நானும் பனிமலையைப் பார்த்ததில்லை. வீட்டுக்கார அம்மாள் விபூதி பூசி, தலைநிறையப் பூ வைத்திருந்தார். தரகர் எங்களைப் பற்றி ஒரு கதையே சொன்னார். அதில் பிலோமினாவின் பெயர் பூமணி. நாங்கள் இரண்டு பேரும் திருச்செந்தூருக்கு நேர்ந்துகொண்ட குடும்பம். பிலோமினா என்னைப் பார்த்தாள். நான் உத்தரத்தைப் பார்த்தேன்.

அம்மாளுக்கு அவளைப் பிடித்துவிட்டது. அறைகளைக் காட்டினார். சாமி மாடத்தைக் காட்டினார். "பூமணி, ஒனக்கு இங்கன ஒரு கொறையும் இருக்காது" என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். சாயங்காலமாகிவிட்டது. காப்பி வந்தது. டம்ளரை அவள் வாயருகே கொண்டுபோன நேரத்தில், தூரத்து மாதா கோயிலில் ஆறு மணி அடித்தது.

பிலோமினா டம்ளரைக் கீழே வைத்தாள். நெற்றி, மார்பு, இடது தோள், வலது தோள். சிலுவை போட்டுத் தலை குனிந்து வாய்க்குள் செபம் சொன்னாள். பிறந்ததிலிருந்து செய்கிறவள், கை தானாகப் போய்விட்டது. முடித்து நிமிர்ந்தபோதுதான் அறையில் எல்லாரும் தன்னைப் பார்ப்பதைக் கண்டாள்.

வீட்டுக்கார அம்மாள் பிலோமினாவின் டம்ளரைப் பார்த்தார். பிறகு தரகர் பக்கம் திரும்பி, "பூமணிக்குக் காப்பி ஆறுது" என்றார். நாங்கள் குடித்து முடிக்கும் வரை பொறுத்திருந்து, வீட்டைத் தங்கை மகனுக்குக் கொடுப்பதாக முன்பே சொல்லிவிட்டதை மறந்துவிட்டேன் என்றார்.

தெருமுனை வரை மூவரும் வேகமாக நடந்தோம். முதலில் சிரித்தது பிலோமினாதான். உப்புக் குவியலில் கைவைத்துக்கொண்டு, மூச்சு வாங்க வாங்கச் சிரித்தாள். தரகரும் சிரித்துவிட்டார். ஆனால் அறைக்கு வந்து உட்கார்ந்ததும் அவள் முகம் மாறியது.

"நான் அந்த வீட்டில இருந்திருந்தா, மணி அடிக்கிற ஒவ்வொரு நேரமும் என்ர கையைப் பிடிச்சுக்கிட்டு இருக்க முடியுமா?" என்று கேட்டாள். "வீடு கிடைக்காட்டிப் போகட்டும். இனிமே பொய் வேண்டாம்."

சரி என்றேன். கொழும்புக்கே திரும்பிவிடலாமா என்ற எண்ணம் எனக்கு அன்றுதான் வந்தது. கிளைக்கு வேறு ஆளை அனுப்பச் சொல்லலாம். அவளிடம் அதைச் சொல்லவில்லை.

நான்காம் நாள் தெற்கே பழையகாயல் பக்கம் ஒரு வீடு இருக்கிறது என்று தரகர் பஸ்ஸில் ஏற்றினார். பெட்ரோல் பஞ்சம் தீராத காலம். பஸ்ஸின் முதுகில் ஓர் இரும்பு உருளை. அதில் கரி எரிந்து, அந்த வாயுவில்தான் வண்டி ஓடியது. கிளப்புவதற்கு முன்னால் கிளீனர் ஒரு கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி நெருப்பை ஊதினார். பஸ் இருமியது. இன்னும் ஊதினார். புறப்பட்டது. சைக்கிளில் வந்த ஒருவர் எங்களை முந்திப் போனார்.

உப்பளங்களைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் பனை. கொழும்புப் பக்கம் தென்னை சாய்ந்து ஆடும். பனை அப்படியில்லை, நிமிர்ந்து நிற்கும். ஒரு மண்மேட்டில் ஏறும்போது பஸ் நின்றது. கிளீனர் உருளையைத் திறந்து பார்த்து, "கரி ஈரம்" என்றார். ஆண்கள் எல்லாம் இறங்கித் தள்ளினோம்.

"இந்தச் சவத்த நாளும் தள்ளுததுக்கு நடந்தே போயிருக்கலாம்" என்று ஒருவர் முணுமுணுத்தார்.

மேடு ஏற்றிய பிறகும் பஸ் கிளம்பவில்லை. என் வேட்டியெல்லாம் கரி. தரகரின் குடையில் ஒரு கம்பி ஒடிந்தது.

பிலோமினா வண்டிக்குள் வெயிலில் வாடிப்போயிருந்தாள். அவளுக்கு முன் இருக்கையில் இருந்த ஓர் அம்மாள் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார். ஐம்பது வயதிருக்கும். கழுத்தில் செபமாலை, மடியில் கால் கட்டிய இரண்டு கோழிகள்.

"ஏளா, மாசமா இருக்கியா?" என்றார்.

"ஓம்."

"இந்த வண்டி இனி சாயங்காலந்தான் கெளம்பும். எறங்கு. என் வீடு அந்தா தெரியுத பனைக்கு அங்கிட்டுத்தான். ஒரு வாய் தண்ணி குடி." என்னைப் பார்த்து, "நீங்களும் வாங்க. கோழியப் புடிங்க" என்றார்.

அவர் பெயர் சூசையம்மாள். கணவர் தோணித் தண்டல், அதாவது தோணியை ஓட்டும் தலைவர். அப்போது மலையாளக் கரைக்குப் போயிருந்தார். பனைகளுக்கு அந்தப் பக்கம் மணல்மேடு, அதன் மறுசரிவில் இருபது முப்பது வீடுகள், அப்புறம் கடல். நல்லதண்ணித் துறை என்று ஊரின் பெயரைச் சொன்னார். வீட்டில் ஒரு செம்பு தண்ணீர் கொடுத்தார். பிலோமினா குடித்தாள். செம்பை இறக்காமல் முழுவதும் குடித்துவிட்டு என்னிடம் கொடுத்தாள்.

நான்கு நாளாக உப்புக் கரித்த காப்பி குடித்த நாக்கு எங்களுடையது. நல்ல தண்ணீருக்கு இனிப்பு உண்டு என்பது அன்று தெரிந்தது.

"எங்கிருந்து வருது இது?" என்றாள் பிலோமினா.

"பக்கத்து வீட்டு முத்தத்துல கெணறு. இந்தக் கரையில வேற எங்கன தோண்டினாலும் உப்பு. அது ஒண்ணுதான் நல்ல தண்ணி. அதுவும் என் வீடுதான். சும்மா கெடக்கு."

தரகர் குடையைத் தரையில் ஊன்றினார். "சும்மாவா கெடக்கு?" என்றார். கதை சொல்லத் தொண்டையைச் செருமினார்.

பிலோமினா முந்திக்கொண்டாள். "அக்கா, நான் வேதம். இவங்க வீட்டில முருகன். கோயிலிலயும் கல்யாணம் நடக்கல்ல, பந்தலிலயும் நடக்கல்ல. எங்களுக்கு யாரும் வீடு தர மாட்டேங்கிறாங்க. நீங்க தருவீங்களா?"

சூசையம்மாள் கோழிகளின் கட்டை அவிழ்த்துவிட்டார். அவை ஓடிய பிறகு பேசினார்.

"மாதா கோயில் சாமியார்ட்ட போய்க் கல்யாணத்த மந்திரிச்சுக்கலாமே?"

"இவங்க பெரியவங்க சரின்னு சொல்லட்டும்னு காத்திருக்கிறன்" என்றாள். எனக்கு அது அன்றுதான் தெரியும்.

"சரி, அது ஒன் பாடு. எனக்கு ஒரே கேள்விதான். முத்தத்துக் கதவ மூட மாட்டீகளே?"

முன்பு குடியிருந்தவர் உப்பு இலாகா உத்தியோகஸ்தராம். விடியற்காலையில் குடங்களின் சத்தம் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று கதவுக்குப் பூட்டுப் போட்டாராம். சூசையம்மாள் பூட்டை உடைத்து, அந்த வாரமே அவரைக் காலி செய்ய வைத்தாராம். ஊர் முழுவதற்கும் அந்த ஒரு கிணறுதான்.

வீட்டைப் பார்த்தேன். இரண்டு அறை, சமைக்க ஒரு குசினி, முற்றத்தில் மண்டிய வேம்பு, நடுவே கிணறு. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம். புத்தகம் படிக்க ஓர் அமைதியான மூலை வேண்டும் என்று கனவு கண்டுகொண்டிருந்தவன் நான். இது வீடா, நாற்சந்தியா?

"காலையில் நான் எங்கே குளிப்பது?" என்று கேட்டேன்.

"பொம்பளைக போன பொறவு குளிங்க" என்றார். "அவசரப்பட்டு வாக்குக் குடுக்க வேண்டாம். இன்னைக்குத் தங்குங்க. காலையில அவளுகளப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க. அவளுகளும் ஒங்களப் பாக்கட்டும்."

தரகர் நடந்தே திரும்பினார். நாங்கள் தங்கினோம். ஊழி மீன் குழம்பும் கேப்பைக் களியும் சாப்பிட்டோம். பிலோமினா கரையில் போய்க் காலை நனைத்துவிட்டு வந்து, கடல் இங்கே கொஞ்சம் விழித்திருக்கிறது என்றாள்.

விடியும்போது வாளியின் சத்தத்தில் எழுந்தேன். முற்றம் நிறைந்திருந்தது. கழுத்தில் செபமாலை போட்ட பெண்கள், தலையில் துப்பட்டி போர்த்தவர்கள், குங்குமம் வைத்தவர்கள். கயிறு ஒன்று, பேச்சு நூறு. மீன் விலை, மருமகள், கரி பஸ், எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. பிலோமினா குசினிப் படியில் நின்றாள். பேச்சு மெல்ல மெல்ல அவள் பக்கம் திரும்பியது. சூசையம்மாள் ஒன்றும் விளக்கவில்லை. "அவட்டயே கேளுங்க" என்றார்.

பிலோமினா நேற்றுச் சொன்னதையே சொன்னாள்.

வாளியிலிருந்து தண்ணீர் சொட்டுவது கேட்டது. குங்குமம் வைத்த ஒரு பெண் என் பக்கம் திரும்பினார். அந்த ஊரின் ஒரே கடையை நடத்துகிறவரின் மனைவி அவர். பெயர் பொன்னம்மாள் என்று பின்னால் தெரிந்தது.

"நீங்க எந்த ஊரு?"

சொன்னேன்.

"ஆரு மவன்?"

அதையும் சொன்னேன். அவர் என்னை உற்றுப் பார்த்தார். "அந்த வீட்டுப் பையனா நீங்க" என்றார். கையிலிருந்த கயிற்றை விட்டார். வெறுங்குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு முற்றத்தைத் தாண்டிப் போய்விட்டார்.

மற்றவர்கள் அவர் போவதைப் பார்த்தார்கள். துப்பட்டி போர்த்திய ஒரு பெண் விடப்பட்ட கயிற்றை எடுத்து இறைக்கத் தொடங்கினார். அவரை எல்லாரும் பாத்திமா ராத்தா என்று கூப்பிட்டார்கள். நிரம்பிய குடத்தைத் தூக்கி வந்து பிலோமினாவின் குசினிப் படியில் வைத்தார்.

"நீ தண்ணி கோராத. எத்தன மாசம்?"

"அஞ்சு."

"முதலா?"

"ஓம்."

"இவ ஆமான்னு சொல்ல 'ஓம்'ங்கா, கேட்டியளா?" என்றார் திரும்பி. யாரோ சிரித்தார்கள். பேச்சு மறுபடி தொடங்கியது. பிலோமினா படியில் உட்கார்ந்துவிட்டாள். அவள் அழுகிறாள் என்று நினைத்துப் பக்கத்தில் போனேன். தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டிருந்தாள், கண்ணும் நனைந்திருந்தது.

எனக்கு மட்டும் மனம் ஆறவில்லை. வெறுங்குடத்தோடு போனவர் என் ஊர்ப் பக்கத்து ஆள். அவர் கதவடைத்தால் எங்களுக்கு அரிசி பருப்பு ஏது? எங்களால் ஊர் இரண்டுபட வேண்டுமா? பெண்கள் கலைந்த பிறகு சூசையம்மாளிடம் சொன்னேன்: "வேண்டாம் அக்கா. நாங்கள் போய்விடுகிறோம்."

அவர் கோழிக்குத் தவிடு பிசைந்துகொண்டிருந்தார். "பொன்னம்மாளுக்காகவா? அவ வருவா. உப்புத் தண்ணியில பருப்பு வேகாது."

"மத்தியானம் வரைக்கும் இருப்பம்" என்றாள் பிலோமினா.

இருந்தோம். சூசையம்மாள் என்னைக் கரைக்கு அனுப்பினார். துறைமுகத்துக்குச் சரக்கு இறக்கப் போகிறவர்கள் தினமும் காலையில் வத்தையில் பாய் விரித்துப் போகிறார்கள் என்றும், ஓர் ஆளுக்கு எப்போதும் இடம் உண்டு என்றும் அங்கே சொன்னார்கள். சின்னப் படகுதான். கொழும்பில் டிராமில் தொங்கிக்கொண்டு ஆபீஸ் போனவன் நான். இங்கே பாய் விரித்துப் போகலாம். அந்த நினைப்பே என்னைச் சிறுபிள்ளையாக்கியது. ஆனாலும் பொன்னம்மாள் வரும் பாதையைத்தான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெயில் உச்சிக்கு வந்தபோது அவர் வந்தார். இடுப்பில் அதே குடம். யாரையும் பார்க்காமல் கிணற்றடிக்குப் போனார். இறைத்தார். குடம் நிரம்பியது. தூக்காமல் நின்றார்.

"ஒங்க அம்மைக்கு நான் தூரத்துச் சொந்தம்" என்றார் என்னிடம், கிணற்றைப் பார்த்தபடியே. "இடுப்பு நோவுன்னு கெடக்காவ. பாத்தீகளா?"

"இல்லை. கொழும்பிலிருந்து வந்து நாலு நாள்தான் ஆகிறது. போனால் வாசலில் சேர்ப்பார்களா என்று தெரியவில்லை."

"ஒங்க அய்யா சேக்க மாட்டாவ. அம்மைட்ட நான் சொல்லுதேன், நீங்க இங்கன இருக்கீகன்னு. மாசமா இருக்கான்னும் சொல்லுதேன்." பிறகு பிலோமினாவை முதல்முறையாக நேராகப் பார்த்தார். "ஏளா, கடையில கருப்பட்டி நல்லதா வந்திருக்கு. ஆள் விட்டு வாங்கிக்க."

குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போனார். தண்ணீர் தளும்பி மண்ணில் கோடு போட்டது.

நான் சூசையம்மாளிடம் திரும்பினேன். "கதவை மூட மாட்டோம் அக்கா" என்றேன்.

"கதவு எங்க இருக்கு? பூட்ட ஒடைச்ச அன்னைக்கே கழட்டி அடுப்புல வச்சிட்டேன்" என்றார் அவர்.

அடுத்த மாதம் சாமான்களோடு வந்து குடியேறினோம். மழைக்காலம் முடிகிற சமயத்தில் அந்த வீட்டிலேயே பெண் குழந்தை பிறந்தது. பாத்திமா ராத்தாவும் சூசையம்மாளும் உள்ளே இருந்தார்கள். பொன்னம்மாள் வெந்நீர் போட்டார். நான் வேப்பமரத்தடியில் நின்றேன். வேறு எதற்கும் என்னைக் கூப்பிடவில்லை.

என் அம்மா இன்னும் வரவில்லை. பொன்னம்மாளின் கடை வழியாக மாதாமாதம் ஒரு ஓலைக்கொட்டான் கருப்பட்டி வருகிறது. யார் கொடுத்தது என்று அவரும் சொல்வதில்லை, நாங்களும் கேட்பதில்லை.

குழந்தைக்குப் பெயர் வைப்பதில் எனக்கும் பிலோமினாவுக்கும் பேச்சு முடியவில்லை. முற்றத்துப் பெண்கள் அதற்காகக் காத்திருக்கவில்லை. சூசையம்மாள் அவளை மரியா என்கிறார். பொன்னம்மாள் வள்ளி என்கிறார். பாத்திமா ராத்தா ராணிக்குட்டி என்று கூப்பிட்டுக்கொண்டே வருவார். விடியற்காலையில் கிணற்றடியில் பாய் போட்டு அவளைக் கிடத்தியிருப்போம். யார் எந்தப் பெயரைச் சொன்னாலும் கால்களை உதைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கிறாள்.